ஓலை வாசிக்க ஒரு பயணம்

முதல் நாள், புதன்: தூத்துக்குடி

முத்துநகர் விரைவு ரயில் காலையில் தூத்துக்குடியில் இறக்கிவிட்டது. பையில் இரண்டு வேட்டி, ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையக் காகிதம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மண்டபம், சமையல்காரர், போட்டோக்காரர் எல்லாம் மனைவி பார்த்துக்கொள்கிறாள். காகிதம் என் பொறுப்பு.

கத்தோலிக்கர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலில் கல்யாணம் நடக்க ஞானஸ்நானச் சான்று வேண்டும், உறுதிபூசுதல் சான்று வேண்டும், திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்குப் போய்வந்த சான்று வேண்டும். அப்புறம் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் பேசியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். கல்யாணம் எங்கள் ஊர்க் கோயிலில். குமரி மாவட்டத்தில், முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏன் என்பது சனிக்கிழமை தெரியும்.

மகளின் ஞானஸ்நானச் சான்று லேமினேஷன் போட்டு வீட்டிலேயே இருந்தது. செல்லாது என்றார்கள். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அந்தத் தகவல் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குப் போகும். பங்கு என்றால் ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும். அங்கே பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஓரத்தில் எழுதுவார்கள். புதிதாகச் சான்று எடுத்தால்தான் அந்த ஓரம் காலியாக இருக்கிறதா என்று தெரியும். நாலு நூற்றாண்டுப் பழக்கம் உள்ள ஆட்கள், சும்மா கேட்க மாட்டார்கள்.

தலைப்பிரசவம் என்பதால் மகள் பிறந்தது மனைவியின் ஊரான இந்தத் தூத்துக்குடியில். பங்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். "வருஷம் சொல்லுங்க அங்கிள்." சொன்னேன். அலமாரியிலிருந்து தடிமனான பதிவேட்டை எடுத்து, ஈரத் துணியில் விரலைத் தொட்டுத் தொட்டுப் புரட்டினாள். ஓரம் காலி. பத்து நிமிடத்தில் அச்சடித்த சான்று வந்தது. சாமியார் வந்து கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். காணிக்கைக்குச் சுவரில் கியூஆர் கோடு.

என் அப்பா எங்கள் ஊரில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, சாவு விழுந்தால் குழிக்கு ஆள் பிடிப்பது எல்லாம் அவர். எழுத்து அழகாக இருந்ததால் சாமியார் சொல்லச் சொல்லப் பதிவேட்டையும் அவரே எழுதுவார். அந்த வேலைகள் இப்போது ஆளுக்கொன்றாகப் பிரிந்துவிட்டன. மணிக்கு டைமர் வந்துவிட்டது.

சான்றைப் படித்தபோதுதான் கவனித்தேன். பதிவேட்டில் 'ஞானஸ்நானம்', சான்றில் 'திருமுழுக்கு'. என் பாட்டிக்குச் சர்வேசுரன், எனக்குக் கடவுள். பாட்டி 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று செபமாலை சொல்வாள். நான் 'அருள் நிறைந்த மரியே' என்று படித்தேன். பூசை திருப்பலி ஆயிற்று, விசுவாசம் நம்பிக்கை ஆயிற்று. குருவானவரைப் பாட்டி 'சாமி' என்பாள், அப்பா 'சாமியார்' என்பார், மகள் 'ஃபாதர்' என்கிறாள். கத்தோலிக்க ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல் முடிந்தது. அதற்குப் பிறகு லத்தீன் போய்த் தமிழ் வந்தது, அந்தத் தமிழும் இரண்டு தடவை உடை மாற்றிக்கொண்டுவிட்டது.

சாயங்காலம் பனிமய மாதா கோயில். இன்னும் இரண்டு மூன்று வாரத்தில், ஜூலை 26ல் கொடியேற்றம். ஆகஸ்ட் 5 திருவிழா. மணிலாவிலிருந்து மாதா சுரூபம் வந்தது 1555ல். 1806லிருந்து இருக்கும் தங்கத்தேரை அந்தக் காலத்தில் முன்னின்று நடத்தியவர்கள் மீனவச் சமூகமான பரதவர்களின் சாதித்தலைவர்கள். அதாவது குருக்கள் வந்துபோகும் ஆட்கள், தலைவரும் ஊரும்தான் நிரந்தரம். இன்றைக்கு நிரந்தரம் யார் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை. அதைத்தான் இந்தப் பயணத்தில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள், வியாழன்: மணப்பாடு

மாப்பிள்ளை வீட்டாரின் பூர்வீகம் மணப்பாடு. பேர்தான் பூர்வீகம், இரண்டு தலைமுறையாகச் சென்னைவாசிகள். ஊரில் இருக்கும் ஒரே உறவு மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பெரியம்மா முறை. அவரைப் பார்த்து முறையாகச் சொல்லிவிட்டு வரச் சொன்னார்கள்.

திருச்செந்தூர் தாண்டி வரும்போதே மணல் மேட்டில் திருச்சிலுவைக் கோயில் தெரிந்துவிடும். 1581ல் கட்டியது. அதற்கு நாற்பது வருடம் முன்பு, 1542ல், இந்தக் கரைக்கு மறைபரப்ப வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை கீழே இருக்கிறது. ஊருக்குள் இலங்கை வியாபாரக் காலத்துப் பெரிய வீடுகள், உயரமான தூண்கள், தேக்குக் கதவுகள். பாதி வீடுகளில் பூட்டு.

பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. காப்பி கொடுத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து மடியில் வைத்தார். பதினொரு சாவி. ஒவ்வொன்றிலும் ஒரு துணிக்கிழிசல், நீலம், சிவப்பு, பூப்போட்டது. "நீலம் கொழும்புக்காரங்க வீடு. இது பாம்பேக்காரன். இந்தப் பூப்போட்டது உங்க சம்பந்தி வீடு." எழுத்து வேண்டாமா என்றேன். "கண்ணு தெரியாது மக்கா, துணியைத் தடவுனா தெரியும்." ஆகஸ்ட் கடைசியில் எல்லா வீட்டையும் திறந்து கூட்டிப் பெருக்க ஆள் வைப்பாராம். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா. "அப்ப வந்து பாருங்க, கோயில்ல நிக்க இடம் கிடையாது."

இப்போது இடம் கிடைத்தது. சாயங்காலப் பூசையில் எண்ணினேன், பழக்கதோஷம். பத்தொன்பது பேர். பதினைந்து பெண்கள், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வார நாள்தானே என்று வைத்துக்கொண்டாலும் பூட்டிய வீடுகளின் கணக்கு இங்கே வந்து சேர்ந்திருப்பது தெரிந்தது.

பெரியம்மா வரவில்லை. முட்டு வலி. 2020ல் கொரோனாவுக்குக் கோயிலைப் பூட்டியபோது மாதா டிவியில் பூசை பார்க்கத் தொடங்கியவர், இன்னும் அப்படியே. ஆனால் டிவி முன்னால் முக்காடு போட்டுத்தான் உட்கார்கிறார். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது, முட்டு வலியோடு, முழந்தாளிட முயற்சி செய்கிறார். "நன்மை எப்படி வாங்குவீங்க?" என்றேன். நன்மை என்பது பூசையில் கொடுக்கும் அப்பம். மாதத்தில் முதல் வெள்ளி சாமியார் வீட்டுக்குக் கொண்டுவருகிறாராம். சின்ன வயதில் லத்தீன் பூசை கேட்டவர். "அப்ப ஒண்ணும் புரியாது, ஆனா எல்லாரும் இருந்தோம்" என்றார். இப்போது புரிகிறதா என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், வெள்ளி: உவரி, இடிந்தகரை, வடக்கன்குளம்

முதல் நாள் எழுதியதைப் படித்துவிட்டு மனைவி போனில் திருத்தினாள். கல்யாணக் காகிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேனாம். பையன் பங்கிலிருந்து அவனுக்கு ஓலை வாசித்து முடித்த கடிதமும் வேண்டும். சரி.

உவரியில் ஒரு மணி நேரம். அந்தோணியார் கோயில் முன்னால் மொட்டை போட்ட குழந்தைகள், குடும்பம் குடும்பமாக. பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை, அந்தோணியாருக்கு அதில் புகார் இருப்பதாகத் தெரியவில்லை. சொந்தப் பங்கில் கூட்டம் குறைகிற காலத்தில் திருத்தலங்களில் கூட்டம் ஏறுகிறது. திருத்தலத்தில் யாரும் உன் கோயில் வரி பாக்கியைக் கேட்க மாட்டார்கள், நீ யார் மகன் என்றும் கேட்க மாட்டார்கள். வேண்டுதலை வைத்துவிட்டுப் போகலாம். நானும் ஒரு மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போனேன்.

இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்னால் இறங்கி நின்றேன். 2011ல் கூடங்குளம் அணுஉலைக்கு எதிராகப் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்த இடம். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் பெண்கள். மணி அடித்தால் ஊர் கூடும் என்பதை இந்தத் தலைமுறை கடைசியாகப் பார்த்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். பஸ் வந்துவிட்டது.

வடக்கன்குளத்தில் எனக்கு உறவும் இல்லை, வேலையும் இல்லை. சுவர் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

1872ல் இங்கே கட்டிய கோயில் கவட்டைபோல இரண்டு கிளையாக இருந்தது. இரண்டும் ஒரே பீடத்தில் போய்ச் சேரும். ஒரு கிளையில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார். நடுவில் சுவர். பூசை ஒன்றுதான், சாமியார் ஒருவர்தான், ஆனால் இந்தப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பக்கத்து ஆளின் முகம் தெரியாது. 1910ல் கௌசானல் என்ற சேசு சபைக் குரு அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 1917ல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று.

கோயிலுக்குள் வெகுநேரம் நின்றேன். இதே ஊரில்தான் 1745ல் திருவிதாங்கூர் அரசு அதிகாரியான நீலகண்டபிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பது அவர்மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே நூற்று இருபத்தேழு வருடம் கழித்துச் சுவர் எழுப்பினோம். நான் வந்தபோது வெள்ளைச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து ஏதோ கணக்கு வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சுவர் எந்தக் கோட்டில் ஓடியிருக்கும் என்று தரையில் தேடினேன். அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடமாகக்கூட இருக்கலாம்.

இது முடிந்துபோன கதை என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறது. தமிழ்நாட்டில் இன்றும் சில பங்குகளில் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை, தேர் வராத தெரு எல்லாம் உண்டு. இந்திய ஆயர் பேரவை 2016ல் தலித்துகளுக்கென்று ஒரு கொள்கை ஆவணமே வெளியிட வேண்டியிருந்தது. எங்கள் குமரிப் பக்கம் உள்ளே சுவர் கட்டவில்லை என்று பெருமை பேசுவோம். கட்டத் தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான். கடற்கரைக்காரனுக்கு ஒரு கோயில், உள்நாட்டுக்காரனுக்கு ஒரு கோயில். என் மகள் கட்டப்போகும் பையன் பரதவர், நாங்கள் முக்குவர். இரண்டு பேருக்கும் கடல் ஒன்றுதான். ஆனாலும் இந்தச் சம்பந்தத்தை என் அப்பா காலத்தில் பேசியிருக்கவே முடியாது.

நாலாம் நாள், சனி: கோட்டாறு, அப்புறம் ஊர்

காலையில் கோட்டாறு சவேரியார் பேராலயம். தேவசகாயத்தின் கல்லறை உள்ளே. 2022 மே 15ல் ரோமில் புனிதராக அறிவித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் படிக்கும்போது குமரி மாவட்டம் முழுக்கக் கோட்டாறு மறைமாவட்டம் என்றுதான் நினைப்பு. 2014ல் குழித்துறை தனியாகப் பிரிந்தது.

ஊருக்கு மத்தியானம் வந்தேன். மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை தடைக்காலம். விசைப்படகுகள் கரையில், வள்ளங்கள் மட்டும் போய்வருகின்றன. கோயில் பழைய ஓட்டுக்கோயில் இல்லை. இரட்டைக் கோபுரம், கிரானைட் தரை, எல்லாம் வளைகுடாப் பணமும் வெளியூர்ப் பணமும். அப்பா மணி அடித்த கயிற்றுக்கு இப்போது துவாரம் மட்டும் இருக்கிறது.

அலுவலகத்தில் சான்றுகளை நீட்டினேன். செயலர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு ஒரு நோட்டை விரித்தார். "வரி பாக்கி இருக்கே அண்ணாச்சி." பதினோரு வருடம், வருடத்துக்கு 1,200 வீதம் 13,200 ரூபாய். கட்டினால்தான் நாளைக்கு முதல் ஓலை.

இதற்குத்தான் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சென்னையில் இருக்கும் பங்கில் மாதாமாதம் சந்தா கொடுக்கிறேன், இங்கே எதற்கு என்றேன். "அப்ப கல்யாணத்தையும் அங்க வையுங்க" என்றார், மரியாதையாகத்தான். திருச்சபைச் சட்டத்தில் இப்படி ஒரு விதி கிடையாது. ஊர்ச் சட்டத்தில் உண்டு. சாமியாரிடம் போனேன். முப்பத்தைந்து வயது, உள்நாட்டுப் பக்கத்துக்காரர், வந்து இரண்டு வருடம். "சார், நான் அஞ்சு வருஷத்துல மாறிப்போயிருவேன். இவங்க இங்கயே இருப்பாங்க" என்று சிரித்தார். கட்டினேன்.

கட்டிய ஆத்திரத்தில் ஜெர்மனிக்கு போன் போட்டேன். சிறுவயதில் என்னோடு பீடச்சிறுவனாக, பூசையில் சாமியாருக்கு உதவியாக, இருந்தவன் அங்கே பங்குத்தந்தை. ஐந்து கோயில்களை ஒரே பங்காகச் சேர்த்து அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். அங்கே கோயில் வரியை அரசாங்கமே பிடித்துக் கொடுக்கிறதாம், வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம். கட்டப் பிடிக்காதவன் அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திருச்சபையிலிருந்தே விலகிக்கொள்ளலாம். 2022ல் மட்டும் அப்படி ஐந்து லட்சம் கத்தோலிக்கர்களுக்கு மேல் விலகியிருக்கிறார்கள். "உன்னை விடாமப் பிடிச்சு வசூல் பண்றாங்கன்னா நீ இன்னும் ஊர்க்காரன்னு அர்த்தம்டே" என்றான். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

அப்பா காலத்தில் வரி என்று தனியாக ஏது? கரையில் மீனை ஏலம் விடும்போதே கோயிலுக்கு உண்டானது எடுத்து வைக்கப்படும். கடலில் கிடைத்ததில் ஒரு பங்கு, கோயிலும் பங்கு. சிறுவயதில் இரண்டும் ஒரே சொல் என்பதால் மீன் கொடுப்பதால்தான் அதற்குப் பங்கு என்று பெயர் வந்தது என்றே நினைத்திருந்தேன். அந்தக் கணக்கு ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். இன்றைக்கு அறிவிப்புப் பலகையில் மாத வரவு செலவு ஒட்டியிருக்கிறது. 1983ல் வந்த திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு கட்டாயம் என்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பங்கு வாட்ஸ்அப் குழுவில் என் பெயரோடு '13,200 வரவு' என்று வந்துவிட்டது. ஏழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

இரவு அன்பியக் கூட்டத்துக்கு மயினி, அதாவது அண்ணன் மனைவி, இழுத்துக்கொண்டு போனாள். அன்பியம் என்பது அக்கம்பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கும் குழு, முப்பது நாற்பது வீட்டுக்கு ஒன்று. எங்கள் தெருவுடையதில் முப்பத்திரண்டு குடும்பம். மயினிதான் ஒருங்கிணைப்பாளர். வந்தது பதினான்கு பேர், அதில் ஆண் என்று நானும் ஒரு பத்தாம் வகுப்புப் பையனும். அப்புறம் மஸ்கட்டிலிருந்து ஒருவர். தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனில் அவர் முகம் தெரிந்தது. பனியன் போட்டு, அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி செம்பை அவ்வப்போது திருப்பி, பேசுகிறவர் பக்கம் காட்டினார்.

நாளைய நற்செய்தி, விதைப்பவர் உவமை. ஏழு படியாக வாசிப்பார்கள், தென்னாப்பிரிக்காவில் உருவான முறை. நாலாவது படி மௌனம். மின்விசிறிச் சத்தம், மஸ்கட் அறையில் யாரோ குக்கர் வைத்த சத்தம். அப்புறம் பகிர்வு. ஒரு அக்கா, "நம்மகிட்ட விதையைப் பத்தி என்ன கேக்க, வலையைச் சொல்லியிருந்தா நாலு வார்த்தை பேசலாம்" என்றார். அதே அதிகாரத்தில் பின்னால் வலை உவமையும் வருகிறது என்று பத்தாம் வகுப்புப் பையன் எடுத்துக் காட்டினான். ஆறாவது படி, என்ன செய்யப்போகிறோம். இங்கேதான் விஷயமே. டயாலிசிஸுக்குப் போகும் ஒருவருக்கு வாரம் இரண்டு நாள் ஆட்டோ யார் ஏற்பாடு செய்வது, கடன் வசூலுக்கு வந்து வாசலில் நிற்பவனிடம் யார் போய்ப் பேசுவது என்று ஆள் பிரித்தார்கள். இருபது நிமிடத்தில் முடிந்தது.

2017ல் ஒக்கிப் புயல் வந்தபோது எந்த வள்ளம் திரும்பவில்லை, யார் யார் போனார்கள் என்ற கணக்கைக் கடற்கரை ஊர்களில் முதலில் எழுதியது கோயில்களில்தான். எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எடுத்துவந்தது இந்த அன்பியப் பெண்கள் என்று மயினி சொன்னாள். என் சிறுவயதில் இந்தப் பெண்களின் அம்மாக்கள் கோயிலில் இடதுபக்கம் தரையில், தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்குப் பேச்சு கிடையாது. இப்போது பங்கின் காரியங்களைப் பார்க்கும் பங்குப்பேரவைக்குத் துணைத் தலைவர் ஒரு பெண். ஆண்கள் எங்கே என்று மயினியிடம் கேட்டேன். "தேர் தூக்க வருவாங்க" என்றாள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: ஓலை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் தொழிலுக்குப் போக மாட்டார்கள். அது மாறவில்லை. ஏழரைப் பூசைக்குக் கோயில் நிறைந்துவிட்டது, வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு பூசை 'கேட்கும்' வாலிபர்களையும் சேர்த்தால். ஒலிபெருக்கியில் பதிவு செய்த மணி அடித்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மூன்றாவது மணியின் கடைசி அடியை அப்பா கொஞ்சம் தாமதமாக விடுவார். அது இதில் இல்லை.

பீடத்தில் உதவிக்கு நாலு பேர், அதில் இரண்டு பெண்பிள்ளைகள். பெண்பிள்ளைகள் பீடத்தில் உதவ ரோமிலிருந்து அனுமதி 1994லேயே வந்தது. எங்கள் ஊருக்கு வந்துசேர இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. தூணோரம் ஒரு பையன் முக்காலியில் கேமரா வைத்து நேரலை ஓட்டினான். யூடியூபில் எண்பத்தாறு பேர் பார்க்கிறார்கள் என்று மயினி காட்டினாள். குவைத், கொச்சி, திருப்பூர், நம் வீட்டிலிருந்து என் மனைவியும் மகளும்.

கடைசி ஆசீருக்கு முன்னால் பேரவைத் துணைத் தலைவர் ஒலிவாங்கிக்கு வந்தார். செபமாலை நேரம், மருத்துவ முகாம், குடிதண்ணீர் லாரி. பிறகு, "திருமண அறிவிப்பு, முதல் ஓலை." மகளின் பெயரை வாசித்தார். ஞானஸ்நானப் பெயரை, அதாவது பதிவேட்டில் இருக்கும் என் அம்மாவின் பெயரை. அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதே இல்லை.

எனக்கு முன்வரிசையிலிருந்த கிழவி திரும்பி, "அது யாரு பிள்ளை?" என்று பக்கத்தில் கேட்டாள். பக்கத்துப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். நான் குனிந்து, "நம்ம கோயில்பிள்ளைக்குப் பேத்தி" என்றேன். கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மணியடிக்கிறவன் மவனா நீ? தலையெல்லாம் நரச்சுட்டே." பிறகு ஓலையின் மிச்சத்தைக் கேட்கத் திரும்பிக்கொண்டாள்.

நேரலை அரை நிமிடம் பின்னால் ஓடும்போல. எல்லோரும் ஆசீருக்குத் தலைகுனிந்திருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மகள்தான். "அப்பா, இப்ப வாசிக்கறாங்க!!! அது யாருன்னு எனக்கே ஒரு செகண்ட் புரியல."

ராத்திரி நாகர்கோவிலிலிருந்து ரயில். இரண்டாம் ஓலை அடுத்த ஞாயிறு, மூன்றாவது அதற்கடுத்தது. லீவு இல்லை. யூடியூபில்தான் கேட்க வேண்டும்.